அலமாரிச் சரக்கு

கடையைக் கூட்டும்போது தரையில் கிடப்பது யாருடைய முடி என்று கிருதாவுக்குத் தெரிந்துவிடும். தபால்காரருடையது கம்பி மாதிரி விறைத்துக் கிடக்கும். கறிக்கடைக்காரருடையது எண்ணெயில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளாக இவற்றுக்கு நடுவே நீளமான கறுப்பு இழைகள் விளக்குமாற்றில் சுற்றிக்கொண்டு வர மறுத்தன. அவற்றைக் கையால் உருவி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். குப்பைத் தொட்டியில் போட மனம் வரவில்லை. அந்தச் சட்டையைத் துவைக்கிறவள்தான் அந்த முடிக்குச் சொந்தக்காரி என்பது அவருக்கு எப்போதும் பிறகுதான் ஞாபகம் வரும்.

யார் வந்து உட்கார்ந்தாலும் காதோரம் ஒரு விரல் நீளத்துக்குக் கிருதா இறக்காமல் எழுந்துபோக விடமாட்டார். அதனால் அவருக்கு அந்தப் பெயர். அவர் மனைவிக்குத் தெரு வைத்த பெயர் ஜடை. இடுப்புக்குக் கீழே இறங்கி, நடக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடும் ஜடை. ஒரே அறையை பிளைவுட் போட்டுத் தடுத்து முன்பக்கம் ஆண்களுக்கு இவரும் பின்பக்கம் பெண்களுக்கு அவளும் கடை நடத்தினார்கள். தடுப்பு ஆள் உயரம்தான். ஆகவே தலைகள் மறையுமே தவிர பேச்சு மறையாது. இந்தப் பக்கம் தபால்காரர் ஏதாவது புளுகினால் அந்தப் பக்கத்திலிருந்து ஜடை, "அண்ணே, போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே" என்று குரல் கொடுப்பாள். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் பெண்கள் அதைப் பார்த்து வரவில்லை, அவள் ஜடையைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

இப்போது அந்த ஜடை எலிவால் ஆகிவிட்டது. குரலும் போய்விட்டது. கரகரவென்று, பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை பேசுகிற மாதிரி. வெயில் கொளுத்துகிற நாளில், கையில் சுடச்சுட டிரையரைப் பிடித்துக்கொண்டு ஸ்வெட்டர் போட்டு நின்றாள். முகம் தூங்கி எழுந்த முகமாகவே நாள் முழுக்க இருந்தது. ஒரு நாள் ஒரு பெண்ணின் தலையில் சாயத்தைப் பூசிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அந்தப் பெண்ணும் கண்ணை மூடிக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் காது ரெண்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. கிருதா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை எதற்கு எடுத்தோம் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

"இது எனக்கு வந்த அதே வியாதி" என்றாள் டீச்சர். எதிர்த் தெருவில் டியூஷன் எடுப்பவள், ஜடையின் பழைய வாடிக்கை. கழுத்தின் அடிப்பக்கம் நூல் ஒட்டினாற்போல் ஒரு தழும்பு. அதை மறைக்கக் காலர் வைத்த ரவிக்கைதான் போடுவாள்.

"தைராய்டுதான். எழுதி வச்சுக்கோ. எனக்கும் இப்படித்தாம்மா, எந்நேரமும் சோர்வு, முடி கொத்துக் கொத்தாப் போச்சு. போய் நம்ம டாக்டரப் பாரு. முதல்ல மாத்திரை குடுப்பார். கேக்கலன்னா ஆபரேஷன். எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான்."

"கழுத்துலயா டீச்சர்?" ஜடை தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பின்ன கால்லயா பண்ணுவாங்க? எனக்குப் படபடப்பு, கை நடுக்கம் ஒண்ணுமே இல்ல. ரிப்போர்ட்தான் காட்டிக் குடுத்துச்சு. அந்த ரத்த டெஸ்ட் மட்டும் இல்லன்னா நான் இன்னும் தெரியாமலே இருந்திருப்பேன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் கிருதா கறிக்கடைக்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி குரல்வளைக்குக் கீழே அந்தக் குழிவான இடத்துக்கு வந்தது. தினமும் போய்வருகிற இடம்தான். அன்றைக்கு அங்கே கை ஒரு கணம் நின்றுவிட்டது.

டாக்டர் நல்ல மனிதர், வயதில் சின்னவர். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது. பரிசோதனைத் தாளை விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"சுரப்பி ரொம்ப வேகமா வேலை செய்யுது. ஏன்னு பாக்க ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுத்தோம். அதுவும் இருக்கு."

"அது என்ன கிருமிங்களா?" என்றார் கிருதா.

"கிருமி இல்ல. கிருமிய அடிக்கிறதுக்கு உடம்பு தயார் பண்ற பொருள்தான் ஆன்டிபாடி. சில பேருக்கு அது தப்பா உருவாகி, சொந்தச் சுரப்பி மேலயே போய் உக்காந்துக்கும். இதுல இருக்கிறது சுரப்பிய விரட்டி விரட்டி வேலை வாங்குற வகை. அதனால சுரப்பிய அடக்க மாத்திரை தர்றேன்."

"அடக்கணுமா? அவளே அடங்கித்தான சார் போயிட்டா. பேச்சே இல்ல."

டாக்டர் ஜடையை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். "சில பேருக்கு அறிகுறி மாறி வரும். ரிப்போர்ட் தெளிவா இருக்கு. வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். கலியாணமான நாளிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கடை அலமாரியில் ஷாம்புவுக்கும் சாயத்துக்கும் நடுவே வரிசையாக நின்ற டப்பாக்களை அவர்கள் மருந்து என்று நினைத்ததே கிடையாது. அது முடி வைட்டமின். கடைகளுக்குச் சரக்குப் போடும் ஜடையின் தம்பிதான் அதைக் கொண்டுவருவான். முடி கொட்டுகிறது என்று யார் வந்து உட்கார்ந்தாலும் ஜடை ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவாள். "இது மருந்தெல்லாம் இல்லக்கா, பயப்படாம சாப்பிடுங்க. முடிக்குச் சாப்பாடு மாதிரி" என்பாள். தன் முடி கொட்ட ஆரம்பித்ததும் அவளும் சாப்பிட்டாள். ஊருக்குச் சொல்கிறவள் தான் சாப்பிடாமல் இருப்பாளா? பேன் மருந்து வாங்குகிறவர் அதை டாக்டரிடம் போய்ச் சொல்வாரா? அப்படித்தான்.

டாக்டரின் மாத்திரை தொடங்கியது. காலையில் கிருதாவே டீ போட்டு, தட்டில் பன்னும் பக்கத்தில் மாத்திரையும் வைத்து, அதோடு வைட்டமினையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் கொட்டுவார். விழுங்கும்வரை தலைமாட்டிலேயே நிற்பார்.

"குழந்தைக்குக் குடுக்குற மாதிரி நிக்கிறீங்க" என்றாள் அவள்.

"குழந்தையா இருந்தா அடிச்சாவது குடுத்துடுவேன்."

நாளுக்கு நாள் அவள் மோசமானாள். மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் கடைக்கு வருவதையே நிறுத்தினாள். பெண்கள் வந்து தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தம்பி சரக்கு மூட்டையோடு வீட்டுக்கு வந்தவன், அக்காவைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான்.

"என்ன மாமா, அக்கா தலை இப்படி ஆயிடுச்சு? வைட்டமின் குடுக்குறீங்களா இல்லையா?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"அது சாதாரண ஆளுக்கு. இந்தக் கொட்டு கொட்டுற தலைக்கு ரெண்டு ரெண்டாக் குடுங்க. நம்ம சரக்கு, அதுல என்ன கஞ்சத்தனம்?"

"நல்லா கேட்ட மாப்ள. நீயாவது அக்கறையா சொல்றியே" என்று கிருதா உண்மையாகவே உச்சி குளிர்ந்துபோனார். மறுநாளிலிருந்து ரெண்டு ரெண்டு. அவருக்குச் செய்வதற்கு ஒன்று கிடைத்தது. நாள் முழுக்கக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த பரிசோதனையில் சுரப்பி இன்னும் வேகமாக ஓடுவதாகத் தாள் சொன்னது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்கடுத்ததிலும் அதே கதை. கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மருந்துக்கு அடங்கல. சுரப்பியையே எடுத்துடறதுதான் நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

வெளியே வந்ததும் ஜடை கேட்டாள், "கழுத்த அறுத்துதான் எடுப்பாங்களா?"

"அறுக்கிறதுன்னு ஏன் சொல்ற? டீச்சர் சொன்னாங்கல்ல, எறும்பு கடிச்ச மாதிரின்னு."

"உங்க கத்தி லேசாப் பட்டாலே எப்படிக் குதிக்கிறாங்க. எனக்குத் தெரியாதா?"

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் பார்க்கும் டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். யார் வெட்டினார்களோ, பிடரியில் வரி கோணலாக இருக்கிறது என்று கிருதாவின் கண் அந்த நேரத்திலும் பார்த்துவிட்டது. அவள் தாளைப் பிரிக்காமல் முதலில் ஜடையின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். உள்ளங்கையைத் தடவினாள். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். கால் சோம்பேறித்தனமாக எழுந்து அதைவிட மெதுவாகக் கீழே இறங்கியது. அப்புறம்தான் தாளை எடுத்தாள்.

"இது இவங்க ரிப்போர்ட்தானா?"

"ஆமாங்க."

"பேரு மாறிடலையே? இதுல இருக்கிற ஆளு ஒரு இடத்துல உக்கார முடியாம துடிச்சுக்கிட்டு இருக்கணும். இவங்க கண்ணே பாதிதான் திறக்குது. மருந்து என்னென்ன சாப்பிடுறீங்க?"

"அந்த டாக்டர் குடுத்தது மட்டும்தான்."

"நாட்டு மருந்து? லேகியம், கஷாயம்?"

"ஐயோ, இல்லீங்க."

"முடி எப்ப இருந்து இப்படி?"

இங்கேதான் கிருதா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

"அந்தக் கவலை உங்களுக்கு வேணாங்க டாக்டர். முடி எங்க தொழில். அத நாங்களே பாத்துக்கிறோம். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு, நம்ம கடைச் சரக்கே குடுத்துக்கிட்டு இருக்கேன்."

டாக்டரின் பேனா நின்றது. "என்ன சரக்கு?"

ஜடை கைப்பையைத் துழாவி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தாள்.

"எத்தன நாளா?"

"அது... ரொம்ப நாளா" என்றார் கிருதா. "விஷம் ஏதும் கலந்திருக்குங்களா?"

"விஷம் இல்ல. உடம்புக்குக் கெடுதலும் இல்ல. ரத்தப் பரிசோதனைக்குத்தான் கெடுதல்." டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க கடையில காத்திருக்க பெஞ்ச் இருக்கா?"

"இருக்குங்க."

"ஒரு நாள் வேலவெட்டி இல்லாத பசங்க வந்து பெஞ்ச் முழுக்க உக்காந்துட்டாங்கன்னு வைங்க. முடி வெட்ட வந்தவன் என்ன செய்வான்?"

"எடமில்லன்னு போயிடுவான்."

"அன்னிக்கு எத்தன பேர் முடிவெட்ட வந்தாங்கன்னு பெஞ்சப் பாத்து ஒரு மெஷின் எண்ணுது. கணக்கு தப்பா வருமா வராதா? இந்த வைட்டமினும் அப்படித்தான். சில லேப்ல பரிசோதனைக் கருவியில ஒட்ட வேண்டிய இடத்துல இது போய் ஒட்டிக்கும். ஒரு டெஸ்ட்ல குறைச்சுக் காட்டும், இன்னொண்ணுல கூட்டிக் காட்டும். ரெண்டும் சேந்தா, சுரப்பி வெறிபிடிச்சு ஓடுற மாதிரியே ஒரு ரிப்போர்ட் வரும்."

"அந்த ஆன்டிபாடி? அதுவும் இருக்குன்னாரே?"

"அதையும் இது பொய்யா இருக்குன்னு காட்டிடும். அதான் அவரும் ஏமாந்துட்டார். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வந்திருக்கு பாருங்க. ஆபரேஷன் இப்ப கிடையாது. இந்த வைட்டமின், அந்த டாக்டர் குடுத்த மாத்திரை, ரெண்டையும் நிறுத்துங்க. சில நாள் கழிச்சு வாங்க, புதுசா எடுப்போம்."

கிருதா எழுந்தபோது டப்பாவை எடுக்கக் கை நீட்டினார், பிறகு கையை இழுத்துக்கொண்டார். தினமும் தன் கையாலேயே அவள் உள்ளங்கையில் கொட்டியது. விழுங்கினாளா என்று நின்று பார்த்தது.

புதிய தாள் வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"சுரப்பி தூங்கிடுச்சு. முன்னாடியே சோர்ந்து போயிருக்கும். அடக்குற மாத்திரை அத இன்னும் அமுக்கிடுச்சு. விரட்டுற ஆன்டிபாடி உங்களுக்கு இல்ல. ஆனா இன்னொண்ணு இருக்கு, டிபிஓ ஆன்டிபாடின்னு. இது பொய் இல்ல. எக்கச்சக்கமா இருக்கு."

"அது என்ன செய்யும்?" ஜடை முதன்முறையாகத் தானே கேட்டாள்.

"உங்க உடம்பு உங்க சுரப்பியையே எதிரின்னு நினைச்சு, கொஞ்சங் கொஞ்சமா அரிச்சுக்கிட்டு வருதுன்னு அதுக்கு அர்த்தம். ரொம்ப வருஷமா நடக்குது. சுரப்பி செய்யாத வேலைய இனிமே தினமும் காலையில ஒரு மாத்திரை செய்யும். வாழ்நாள் முழுக்க."

"அந்த அரிக்கிறத நிறுத்த?" என்றார் கிருதா.

"அதுக்கு வழி இல்லீங்க."

"எவ்வளவு தூரமானாலும் கூட்டிட்டுப் போறேன். எந்த ஊர்ல..."

"எந்த ஊர்லயும் இல்ல. திரும்பத் திரும்ப அந்த டெஸ்ட் எடுக்கவும் வேணாம். என்ன வியாதின்னு சொல்றதோட அதோட வேலை முடிஞ்சுது. தெரிஞ்சுக்கத்தான் முடியும்."

"முடி?"

"வரலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

கிருதா தலையாட்டினார். கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் மறுபடியும் தலையாட்டினார். வாசல்வரை போன ஜடைதான் திரும்பினாள்.

"டாக்டர், தெரிஞ்சவங்க ஒருத்தங்க... எனக்கு வந்த மாதிரியே ரிப்போர்ட் வந்து, சுரப்பிய எடுத்துட்டாங்க. அவங்களும் இந்த வைட்டமின்தான் சாப்பிட்டாங்க. அவங்களுக்கு நிஜமாவே இருந்துச்சா இல்லையான்னு இப்ப பாக்க முடியுமா?"

"இருந்திருக்கலாம். ஸ்கேன்ல கட்டி ஏதாவது பாத்து முடிவு பண்ணியிருக்கலாம். எடுத்த பிறகு சுரப்பியக் கேக்க முடியாதே. அவங்க வந்தா பழைய பேப்பரையெல்லாம் பாக்கறேன். ஆனா போனது போனதுதான்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அது யார் என்று கிருதா கேட்கவில்லை. படபடப்பு, கை நடுக்கம் ஒண்ணுமே இல்ல, ரிப்போர்ட்தான் காட்டிக் குடுத்துச்சு என்று பிளைவுட்டுக்கு மேலாக வந்த குரல் அவர் காதிலும் விழுந்ததுதானே.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. டீச்சர்கிட்ட மூச்சு விடாத. முடிஞ்சு போன விஷயம். சொல்லி என்ன ஆகப்போகுது? எடுத்தத யாராவது கொண்டுவந்து திரும்ப வைப்பாங்களா? அவங்க நிம்மதியா இருக்காங்க, இருக்கட்டுமே."

"அவன் சொல்றதும் ஒரு வகையில..." என்று கிருதா இழுத்தார்.

"ஒரு வகையிலன்னா?" என்றாள் ஜடை அந்தக் கரகரத்த குரலில். "டப்பாவ எடுத்து நீட்டுனது நானு. அவங்க கேக்கக்கூட இல்ல. முடி கொட்டுதேன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். நான்தான் கையில திணிச்சேன்."

"நீ வேணும்னா செஞ்ச?"

"உங்களுக்கு மட்டும் என்ன, வேணும்னா எனக்குக் குடுத்தீங்க? அதுக்கு நீங்க ஏன் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கீங்க?"

தம்பி மூட்டையோடு கிளம்ப, கிருதா கூடப் போய்க் கடையைத் திறந்தார். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மூட்டையில் போட்டார். அவனும் வாங்கிக்கொண்டான், எங்கே கொண்டுபோகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஷாம்புவுக்கும் சாயத்துக்கும் நடுவே அலமாரியில் ஒரு நீளமான இடைவெளி விழுந்தது.

புது மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. ஸ்வெட்டர் கழன்றது. முகத்து வீக்கம் வடிந்து பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது. முடி வரவில்லை. இருந்ததை ஒரு சின்னக் கொண்டையாகச் சுருட்டி வைத்துக்கொண்டு ஜடை மறுபடியும் கடைக்கு வந்தாள். வந்த முதல் காலையிலேயே வாசலில் குடையை உதறிக்கொண்டு டீச்சர் நின்றாள்.

"வந்துட்டியா! நீ இல்லாம என் தலைய எவளோ ஒருத்தி கொத்திப்போட்டுட்டா. ஆபரேஷன் வேணாம்னுட்டாங்களாமே, கேள்விப்பட்டேன். அதிர்ஷ்டக்காரி." சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவள் அலமாரியைப் பார்த்தாள். "வைட்டமின் எங்க? எனக்கு ஒரு டப்பா வேணுமே."

தடுப்புக்கு இந்தப் பக்கம் தபால்காரர் தாடையை உயர்த்திக் கொடுத்திருந்தார். கிருதா கத்தியைக் குரல்வளைக்குக் கீழே அந்தக் குழிவில் வைத்தவர் அப்படியே நின்றார். சொல்லாதே என்று மனம் ஒருபுறம் கெஞ்சியது. சொல்லாமல் இருந்துவிடுவாளோ என்று இன்னொருபுறம் பயந்தது.

அந்தப் பக்கம் சீப்பு ஓடும் சத்தம் நின்றது.

"டீச்சர், ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்களே. அப்ப நம்ம வைட்டமின் சாப்பிட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"பின்ன? நீ சொன்ன மாதிரியே, ஒரு வேள விடல. ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போனேன், தெரியுமா?" டீச்சர் சிரித்தாள். "நர்ஸ் வந்து, வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு கேட்டா. இல்லம்மான்னுட்டேன். அது மருந்து இல்லன்னு நீதான சொல்லியிருக்க."

தபால்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

சுழல் நாற்காலி கிறீச்சென்று திரும்பும் சத்தம் கேட்டது. கண்ணாடியைப் பார்த்திருந்த டீச்சரை ஜடை தன் பக்கம் திருப்புகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"என்னம்மா? ஏன் அழுவுற? என் கழுத்துல என்ன பாக்குற?" என்றாள் டீச்சர்.